புதுப்பிப்பு: ஆம்ஸ்ட்ராங்கின் ஹேண்டி ஆல்பம், எந்த சிடி?

உதவிய எல்லோருக்கும் நன்றி. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1954 ஜூலையில் சிகாகோவில் ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியின் பாடல்களைப் பதிவுசெய்தாரே, அந்த கொலம்பியா நிறுவன ஆல்பத்தின் எந்த மறுவெளியீட்டை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். "1986 சிடி வேண்டாம், 1997 பதிப்பைத் தேடுங்கள்" என்ற யோசனைதான் சரியாக வந்தது.

நண்பரிடம் 1986 சிடி இருந்ததால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். வித்தியாசம் ஒலித்தரத்தில் மட்டும் இல்லை, வாசிப்பே வேறு! பழைய சிடியில் மாற்றுப் பதிவுகளை, அதாவது அதே பாடல்களை வேறொரு முறை வாசித்ததை, போட்டிருக்கிறார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியன் அசல் எல்பி இசைத்தட்டுக்காக வெட்டி ஒட்டிச் செதுக்கிய வடிவம் 1997-இல்தான் திரும்பி வந்தது. ஏறக்குறைய 9 நிமிடம் ஓடும் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்', வெல்மா மிடில்டனின் குரலும் டிரம்மி யங்கின் டிராம்போனும் சேர, அப்படியே ஆளைத் தூக்குகிறது. ஆம்ஸ்ட்ராங்கின் 1950-களின் பதிவுகளில் இதற்கு மேல் எனக்கு எதுவும் இல்லை.

1997 சிடியில் எதிர்பாராமல் கிடைத்தது: ஒத்திகைப் பதிவுகளும், ஹேண்டியிடம் அவாக்கியன் எடுத்த பேட்டியும். பழைய சிடி கடையில் ஆண்டு தெளிவாகத் தெரியவில்லையென்றால், பாடல் பட்டியலில் அந்தப் பேட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்கிவிடலாம்.