முதியோர் கற்றல் வட்டம்: பாட்டும் கூத்தும் சுற்றுலாவும் வகுப்பு நேரத்தை எடுத்துக்கொள்ளலாமா?

காந்திநகர் வாத்தியார்

வணக்கம். வேலூர் காட்பாடியில் அறுபது தாண்டியவர்களுக்காக ஒரு கற்றல் வட்டம் நடத்துகிறோம். திங்கள், புதன், வெள்ளி மாலை கூடுகிறோம். தமிழ் எழுத்து, செல்போன், உள்ளூர் வரலாறு, உடல்நலம் என்று நான்கு பாடங்களோடு தொடங்கியது. இப்போது வெள்ளிக்கிழமை முழுக்க பஜனை, சினிமாப் பாட்டு, பிறந்தநாள் கேக் என்று ஆகிவிட்டது. போன வாரக் கூட்டத்தில் புதன்கிழமையையும் கூத்துப் பயிற்சிக்கு விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கூடவே காவலூர் வானாய்வகத்துக்கு வேன் வைத்துப் போக வேண்டுமாம், தலைக்கு ஐநூறு ரூபாய்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. பாட்டுப் பாட, கோயிலுக்குப் போக, கூடிப் பேச நம் ஊரில் வேறு இடம் இல்லையா? எழுபது வயதில் ஒருவர் வெட்கப்படாமல் ‘அ’ எழுதிப் பழக இந்த ஓர் இடம்தான் இருக்கிறது. பிரான்சில் துலூஸ் நகரத்தில் 1973-ல் மூத்தவர்களுக்கென்று மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பல்கலைக்கழக ஆசிரியர்களே வந்து பாடம் நடத்தினார்கள். மூத்தவர்களின் மூளையை அவ்வளவு மதித்தார்கள். நாம் ஏன் கைதட்டிப் பாட வைத்து அனுப்ப வேண்டும்? புதன் வகுப்பைத் தொடக்கூடாது என்று அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி அம்மா

சார், பிரான்சோடு நிறுத்திவிட்டீர்கள். அந்த யோசனை 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போனதும் வேறு வடிவம் எடுத்தது. அங்கே தனியாக ஆசிரியர் கிடையாது, பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருவார். நடைக்குழு, தோட்டக்குழு, பாட்டுக்குழு எல்லாமே அங்கே கற்றல் கணக்கில்தான் வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மனைவி போன பிறகு வாசலில்கூட உட்காரமாட்டார். மருமகள் சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிடுவார், இல்லையென்றால் கேட்கமாட்டார். அவரை வகுப்புக்கு வாங்க என்று கூப்பிட்டிருந்தால் வந்திருக்கவேமாட்டார், வாழ்நாளெல்லாம் படித்து முடித்தவர். பாட்டு என்றதும் வந்தார். இப்போது வெள்ளிக்கிழமை காலையிலேயே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிடுகிறார். மற்ற நாட்களில் பனியனோடு இருக்கிற மனிதர் அவர். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க என்னால் முடியாது.

அப்புறம் காவலூர். ஜவ்வாது மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இருக்கிறது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-ல் கண்டவர்களில் காவலூரில் இருந்தவர்களும் உண்டு. வெளிநாட்டில் இருந்தெல்லாம் வருகிறார்கள். பக்கத்து மலைதான், நாம் பார்த்ததில்லை. நட்சத்திரம் பார்க்கும் ஆசை எழுபது வயதில் வரக்கூடாதா?

ஓய்வுபெற்ற நர்ஸ், பாகாயம்

அம்மா சொல்வதற்கு மருத்துவத் தரப்பிலும் ஆதாரம் உண்டு. மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் முதுமைக்கால தனிமையும் ஒன்று.

காந்திநகர் வாத்தியார்

அதே பட்டியலில் கல்விக்குறைவும் இருக்கிறதே, சிஸ்டர்? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஓய்வுபெற்ற நர்ஸ், பாகாயம்

இருக்கிறது சார். ஆனால் அது சிறுவயதில் கிடைக்காமல் போன கல்வியைச் சொல்கிறது. இப்போது எழுத்துப் படித்தால் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை, நிச்சயம் படிக்கட்டும். முதுமைக்கு நேராகச் சொன்னது தனிமையை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காது கேளாமையும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் ஹாலில் நான்கு ஃபேன் ஓடுகிறது, மைக் கரகரக்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்குப் பாடமும் கேட்காது, பாட்டும் கேட்காது. கேட்டமாதிரி தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். எது நடந்தாலும் சரி, நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். இதைப் பலமுறை சொல்லிவிட்டேன்.

கஸ்பா டீச்சர்

திங்கட்கிழமை எழுத்து வகுப்பை நான் எடுக்கிறேன். இந்த விவாதத்தில் பேசுகிறவர்கள் எல்லோருமே படித்தவர்கள். வராதவர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

என் வகுப்புக்கு வந்தவர்களில் பலர் பீடி சுற்றிய பெண்கள். தகடு வைத்து இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நாளெல்லாம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். அந்த விரல்களுக்கு எழுத்து சீக்கிரமே வசப்படுகிறது, கோடு நேராக வருகிறது. ஒரு அம்மா மாத்திரை அட்டையை எடுத்துவந்து, டாக்டர் சீட்டில் ‘இரவு’ என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். அதுவரை கலரை வைத்துத்தான் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாராம். கடைக்காரர் கம்பெனி மாற்றிக் கொடுத்தால் கலரும் மாறிவிடும்.

பிறந்தநாளுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் வசூல் தொடங்கியதும் இவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கவில்லை, திங்கட்கிழமையும் வருவதில்லை. வந்தால் யாராவது கேட்பார்களே என்ற கூச்சம். முதியோர் உதவித்தொகை 2023-ல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதில் ஐநூறு ரூபாய்க்கு யார் நட்சத்திரம் பார்ப்பது? வீட்டுக்குப் போய்க் கேட்டால் பணம் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். முட்டி வலி என்பார்கள்.

படித்து, வேலை பார்த்து, பென்ஷன் வாங்குகிறவர்களுக்குக் கூடிப் பேச ஆள் வேண்டும். அது நியாயமான தேவைதான். ஆனால் அதற்காக நாம் செய்கிற ஏற்பாடு, பள்ளிக்கூடமே பார்க்காதவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறது.

சத்துவாச்சாரி அம்மா

ஐம்பது ரூபாயைக் கட்டாயம் என்று யாருமே சொல்லவில்லையே, டீச்சர். கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள்.

கஸ்பா டீச்சர்

நோட்டில் பேரும் தொகையும் எழுதி எல்லோர் முன்னாலும் வாசித்தீர்கள் அம்மா. அதற்குமேல் கட்டாயம் என்று எதைச் சொல்வது?

கணியம்பாடி கூத்துக்காரர் மகன்

கூத்து யோசனையைச் சொன்னது நான்தான். என் அப்பா கட்டை வேஷம் கட்டி ஆடியவர். தோளில் கட்டும் புஜகீர்த்தியும் கிரீடமும் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

டீச்சர் சொன்ன அந்த அம்மாக்களை நினைத்துத்தான் கேட்டேன். வடாற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவெல்லாம் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று மரம் ஏறுவதையும், கடைசி நாள் மண்ணில் மலைபோல் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம் நடத்துவதையும் நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் பாயைப் போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தது யார்? கையெழுத்துப் போடத் தெரியாத நம் அம்மாக்கள். கர்ணன் சாகப்போகிற இரவில் அவன் மனைவி பொன்னுருவி என்ன கேட்டாள், கோமாளி வேஷக் கட்டியங்காரன் எந்த இடத்தில் குறுக்கே வருவான் என்று வரிசை தப்பாமல் சொல்வார்கள். எனக்கே விட்டுப்போன அடியை ஒரு பாட்டி எடுத்துக்கொடுத்தார்.

எழுத்து வகுப்பில் அவர்கள் மாணவர்கள், வாத்தியார் சார் ஆசிரியர். கூத்துக் கதை என்று வந்தால் அவர்கள் சொல்வார்கள், வங்கி மேனேஜராக இருந்தவர் நோட்டில் எழுதிக்கொள்வார். வேனில் போகிற சுற்றுலாவில் இந்த மாற்றம் நடக்காது. ஜன்னல் ஓரம் யாருக்கு என்ற பேச்சுதான் நடக்கும்.

காந்திநகர் வாத்தியார்

தம்பி, உங்கள் கருத்தை மதிக்கிறேன். இத்தனை நாள் இதை யாரும் இப்படி எடுத்துச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்கிறேன், கூத்தைக் கொண்டுவர எழுத்து வகுப்புள்ள கிழமைகளில் ஏன் கை வைக்க வேண்டும்? பாரதக்கதை தெரிந்த அந்தப் பாட்டிக்கு மாத்திரைச் சீட்டு படிக்கத் தெரிய வேண்டாமா? கதை தெரிந்தவர் என்று புகழ்ந்து கைதட்டிவிட்டு, எழுத்துத் தெரியாமலேயே அனுப்பிவைத்தால் அது மரியாதையா?

சைதாப்பேட்டை பாய்

நானும் கொஞ்சம் சொல்லலாமா?

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி ஆறரை வரை போகிறது. அந்திநேர மஃரிப் தொழுகைக்கு நான் பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கிறது. எழுந்து போவதை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். என்னோடு வந்துகொண்டிருந்த இரண்டு பேர் இதனாலேயே வருவதை விட்டுவிட்டார்கள். பாடுவது பழைய சினிமாப் பாட்டு என்றால் நானும் பாடுவேன், குரல் சுமார்தான் என்றாலும் பாடுவேன். மாதக் கணக்கில் பஜனை மட்டும் நடந்தால் நான் எங்கே உட்காருவது?

கூத்து எனக்கு அந்நியம் இல்லை. சின்ன வயதில் தோப்புக்குள் உட்கார்ந்து பார்த்தவன். கதை சொல்லுங்கள், கேட்கிறேன். கற்பூரம் காட்டி, விநாயகர் பாட்டோடு ஹாலில் தொடங்கினால் மட்டும் எனக்குச் சங்கடம்.

இன்னொரு தேவையும் உண்டு. நாங்கள் வீட்டில் உருது பேசுகிறவர்கள். என் வயதுக்காரர்கள் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுதப் படிக்க வராது. பஸ் போர்டு படிக்க வேண்டும், ரேஷன் கடை மெசேஜ் படிக்க வேண்டும். எழுத்து வகுப்பு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பஜனை மட்டும்தான் வெளியே கேட்கிறது.

கணியம்பாடி கூத்துக்காரர் மகன்

பாய், நீங்கள் நேராகச் சொன்னது நல்லது. நானும் நேராகவே சொல்கிறேன். விநாயகர் பாட்டு இல்லாமல் கூத்துக்காரர்கள் முகவீணைக் குழலைத் தொடமாட்டார்கள். அதை எடுத்துவிட்டு ஆடச் சொல்ல எனக்கு மனம் வராது, என் அப்பாவுக்குச் செய்கிற துரோகம்போல இருக்கும்.

சைதாப்பேட்டை பாய்

எடுக்கச் சொல்லவில்லை தம்பி. அதை எடுத்துவிட்டால் அது கூத்தாக இருக்காது, எனக்கும் தெரியும். கோயில் திருவிழாவில் முறைப்படி நடக்கும்போது விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கலாம், நானும் ஓரமாக நின்று பார்ப்பேன். வட்டத்தில் கதையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

வெளியே போவதைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். வேலூர்க் கோட்டைக்குப் போவோம். ஒரே மதிலுக்குள் கோயில், மசூதி, சர்ச் மூன்றும் இருக்கின்றன. 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரரை எதிர்த்து எழுந்த இடம் அது. திப்புவின் பிள்ளைகளை அதற்குள்தான் வைத்திருந்தார்கள். இலங்கையின் கடைசி மன்னர் விக்ரம ராஜசிங்கனும் அங்கேதான் சிறையிருந்தார், அவருடைய நினைவிடமான முத்துமண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஊரிலேயே பிறந்து வளர்ந்த நம் ஆட்களில் எத்தனை பேர் இதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள்?

சத்துவாச்சாரி அம்மா

கோட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. ஜலகண்டேஸ்வரர் கோயில் பல நூற்றாண்டு மூலவர் இல்லாமல் இருந்தது. லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தது. 1981-ல் அதைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு ஊர் எப்படி இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை அங்கேயே நிறுத்திப் பேச வைக்கலாம், போனில் பதிவும் செய்யலாம். செல்போன் வகுப்புக்கு அதைவிட நல்ல பயிற்சி ஏது?

கஸ்பா டீச்சர்

இதற்கு நான் சம்மதம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து டிக்கெட் கிடையாது. கோட்டைக்குப் போக என் வகுப்புப் பெண்கள் யாரிடமும் கைநீட்ட வேண்டாம். போர்டைப் படித்து அவர்களே பஸ் ஏறட்டும். விரிஞ்சிபுரமும் தொலைவில்லை. மதிலழகுக்குப் பேர்போன கோயில், உள்ளே நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாக எண்கள் வெட்டியிருக்கும். பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. எண் படிக்கப் பழகுகிறவர்களுக்கு அதைக் காட்டிப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் வேண்டாம், நம் ஊர் வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் அதோடு எல்லாம் நின்றுபோகும்.

காந்திநகர் வாத்தியார்

கோட்டையை வரலாற்றுப் பாடமாகவே எடுத்துக்கொள்கிறேன், சந்தோஷம். காவலூரையும் நான் கல்வி என்றே ஏற்கிறேன். எனக்கு உறுத்துவது ஐநூறு ரூபாயும் புதன்கிழமையும்தான்.

சத்துவாச்சாரி அம்மா

காவலூரை நான் விடமாட்டேன். பணம் உள்ளவர்கள் ஆளுக்கு இன்னொருவர் செலவையும் சேர்த்துக் கொடுக்கலாமே.

கஸ்பா டீச்சர்

யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வேனுக்குள்ளேயே தெரிந்துவிடும் அம்மா. அப்படி ஒருவர்கூட வரமாட்டார்கள்.

சத்துவாச்சாரி அம்மா

சரி, உண்டியல் வைப்போம். பேர் வேண்டாம், நோட்டு வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். போடுகிறவர் போடட்டும். சேர்ந்ததும் வேன் பேசுவோம், எல்லோருக்கும் இலவசம். சேராவிட்டால் சேரும்வரை காத்திருப்போம். பிறந்தநாள் வசூலை இந்த மாதத்தோடு நிறுத்தச் சொல்லி நானே கூட்டத்தில் எழுந்து பேசுகிறேன்.

கஸ்பா டீச்சர்

அப்படியென்றால் நான் எதிர்க்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை உண்டியல் ஹாலில் இருக்கக்கூடாது.

காந்திநகர் வாத்தியார்

கூட்டத்தில் நான் வைக்கப்போவது இவைதான். திங்களும் புதனும் வகுப்பு, அதில் மாற்றம் இல்லை. கூத்துக்கதை வெள்ளிக்கிழமை, நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தேகாலுக்குள் முடியும், பாய் பாதியில் எழுந்து போகத் தேவையில்லை. பஜனை வேண்டும் என்கிறவர்கள் அதற்குப் பிறகு நடத்திக்கொள்ளட்டும். தம்பி, இதில் உங்களுக்கு மனக்குறை உண்டா?

கணியம்பாடி கூத்துக்காரர் மகன்

உண்டு சார். ஒன்றேகால் மணி நேரத்தில் பாஞ்சாலிக்குக் கல்யாணம்கூட முடியாது. இரண்டு மணி நேரமாவது வேண்டும், கூட்டத்தில் கேட்பேன். கதை சொல்லப்போகிற அம்மாக்களை நான் கூப்பிட்டால் வரமாட்டார்கள். டீச்சர்தான் என்னோடு கஸ்பாவுக்கு வர வேண்டும்.

கஸ்பா டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாங்க. சமையல் முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம்.

ஓய்வுபெற்ற நர்ஸ், பாகாயம்

நாற்காலியை வட்டமாகப் போடுவதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், வாத்தியார் சார்.