அம்மைக்கு ரெண்டு காலும் வீங்குது, எப்போ டாக்டரப் பாக்கணும்?

அருமனைக்காரன்:
எனக்க அம்மைக்கு 56 வயசு. அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில, தோலு உரிக்கிற வேலை. காலையில போய் இருந்தா சோறு தின்னதான் எழும்பும், அப்புறம் சாயங்காலம்தான். கொஞ்ச நாளா ரெண்டு கணுக்காலும் வீங்குது. காலையில பாதி வத்தியிருக்கும். வேலை முடிஞ்சு மார்த்தாண்டத்துல பஸ் மாறி வீடு வரும்போ செருப்பு வாரு சதைக்குள்ள பதிஞ்சு கிடக்கும். மெட்டியக் கழத்த சோப்பு போட வேண்டி வந்தது. வலியோ காய்ச்சலோ இல்ல. பக்கத்து வீட்டு மாமி கிட்னிதான்னு அடிச்சுச் சொல்லுதாங்க. பெரியம்மா யானைக்கால்னு சொல்லி அம்மைய அழ வச்சாச்சு. மருந்துக் கடையில கேட்டா மூத்திரம் போறதுக்கு மாத்திரை எடுத்து நீட்டுதாங்க, நான் வாங்கல. ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்னா ஒருநாள் கூலி போயிரும்னு அம்மை நகர மாட்டேங்குது. யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தோவாளைப் பூக்கடை:
பார்லித் தண்ணி, சுரைக்காய், நெருஞ்சில் கஷாயம். எங்க அத்தைக்கு வாரத்துல வத்திச்சு.

ஓய்வுபெற்ற நர்ஸ், நாகர்கோவில்:
மக்ளே, அந்த மாத்திரைய வாங்காம வந்தது நல்லது. நீரு எதனால இறங்குதுன்னு தெரியாம மூத்திரத்துல வடிச்சா உப்புச்சத்து குறைஞ்சு தலை சுத்தி விழுவாங்க, காரணம் அப்படியே கிடக்கும்.

முதல்ல அம்மையோட முழங்காலுக்குக் கீழ, முன்பக்க எலும்பு மேல பெருவிரல வச்சு கொஞ்ச நேரம் அமுக்கிப் பாரு. எடுத்த பிறகும் குழி நின்னா அது நீரு. குழி விழாம தோலு தடிச்சு கெட்டியா இருந்தா வேற சோலி. பிறகு இதெல்லாம் கேளு: படுத்தா மூச்சு முட்டுதா, தலையணைய அடுக்கி வச்சுதான் தூங்குதாங்களா? மாடிப்படி ஏறினா இளைக்குதா? அப்படின்னா இதயமா இருக்கலாம். காலையில கண் இமையும் முகமும் ஊதியிருக்கா, மூத்திரம் நுரை நுரையாப் போகுதா? அது கிட்னி வழியா புரதம் ஒழுகுறதுக்கு அடையாளம். வயிறும் சேந்து உப்பினா ஈரலா இருக்கலாம். தைராய்டு குறைஞ்சாலும் வீங்கும், ரத்தம் ரொம்பக் குறைஞ்சாலும் வீங்கும்.

யானைக்கால்னு பெரியம்மா பயப்படுறதுல குத்தமில்ல, நம்ம பக்கத்துப் பழைய ஆள்கள் கண்ணால பாத்தவங்க. ஆனா அது பெரும்பாலும் ஒரு கால்லதான் தொடங்கும். கவட்டுல நெறி கட்டும், குளிரு காய்ச்சல் வந்து வந்து போகும், வருசக்கணக்குல ஏறும். சந்தேகம் இருந்தா ராத்திரி ரத்தம் எடுத்துப் பாப்பாங்க, அந்தப் புழு ராத்திரியிலதான் ரத்தத்துல நடமாடும். காய்ச்சலும் நெறியும் இல்லாம ரெண்டு காலும் சேந்து வீங்குறது பெரும்பாலும் அதுவா இருக்காது.

உக்காந்த வேலைதான் பாதிக் காரணமா இருக்கும். ஆடுசதை அசைஞ்சாதான் கால் ரத்தம் மேல ஏறும். காலைத் தொங்கப் போட்டோ மடக்கியோ மணிக்கணக்கா இருந்தா கீழ தேங்கத்தான் செய்யும். ஆனா இத்தன வருசமா இதே வேலைதான பாத்தாங்க, இப்ப மட்டும் ஏன்? புதுசா என்ன மாத்திரை தின்னுதாங்க, அதைச் சொல்லு. அட்டைய எடுத்துப் பாத்து எழுது.

பூக்கடைத் தங்கச்சி, சுரைக்காய் யாரையும் ஒண்ணும் செய்யாது. ஆனா கிட்னி கெட்டவங்களுக்கு நீர் பிரியட்டும்னு இளநியையும் கஷாயத்தையும் ஊத்தினா பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தாறுமாறாகும். டெஸ்ட் பாக்காம யாருக்கும் சொல்லாத.

குளச்சல்காரன்:
ஒரு கால் மட்டும் வீங்கினா காத்துக் கிடக்காதீங்க. எங்க அண்ணன் வளைகுடாவுல இருந்து விமானத்துல வந்து எறங்கினான், இடது ஆடுசதை மட்டும் வீங்கி சூடா இருந்தது, தொட்டா வலி. சுளுக்குன்னு வர்ம வைத்தியம் பாக்குற ஆசான்ட்ட கூட்டிட்டுப் போயி எண்ணெய் போட்டுத் தடவ ஏற்பாடு நடந்தது. நல்லவேளை, ஆசானே பாத்துட்டு நான் தொடமாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுட்டார். ரத்த ஓட்டத்தப் பாக்குற டாப்ளர் ஸ்கேன்ல ரத்தக்கட்டி தெரிஞ்சது. தடவியிருந்தா அது நகந்து நுரையீரலுக்குப் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, குறைஞ்சது 3 மாசம்னு எழுதினாங்க.

ஓய்வுபெற்ற நர்ஸ், நாகர்கோவில்:
அந்த ஆசானுக்கு ஒரு கும்பிடு. ஒரு கால் வீக்கத்தோட நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தா 108தான், ஆட்டோவெல்லாம் பாக்கக்கூடாது.

அருமனைக்காரன்:
அக்கா, மூச்சு முட்டல் இல்ல, முகம் ஊதல. அட்டையப் பாத்தேன். பிரஷருக்கு அம்லோடிபின் 5 தின்னுட்டு இருந்தது, ஓணம் கழிஞ்சு 10 ஆக்கினாங்க. முட்டுவலிக்கு டைக்ளோபினாக்கும் தின்னுது. அது டாக்டர் எழுதல, அம்மையா கடையில வாங்குறது.

ஓய்வுபெற்ற நர்ஸ், நாகர்கோவில்:
பிடி கிடைச்சுட்டு. அம்லோடிபின் ரத்தக் குழாய விரிக்கும், நீரு கசிஞ்சு கணுக்கால்ல இறங்கும். 10ல அது கூடுதல். கிட்னி கெட்டுப்போனதா அர்த்தமில்ல, மூத்திர மாத்திரைக்கு இது பெருசா வத்தவும் செய்யாது. டாக்டர் அளவைக் குறைப்பாங்க, இல்ல கூட வேற வகை பிரஷர் மாத்திரை சேப்பாங்க. நீங்களா நிறுத்தாதீங்க, பிரஷர் எகிறிரும். டைக்ளோபினாக் உப்பையும் நீரையும் உடம்புல பிடிச்சு வைக்கும், பிரஷரையும் ஏத்தும், கிட்னியையும் தொடும். எனக்கு அதுமேலதான் கோபம். கடையில வாங்குறத இன்னைக்கே விடச் சொல்லு, முட்டுவலிக்கு என்ன தின்னலாம்னு டாக்டர்ட்டயே கேளுங்க.

இருந்தாலும் ஒருதடவை மூத்திர ஆல்புமின் (புரதம் ஒழுகுதான்னு பாக்குறது), கிரியேட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்), தைராய்டு, ஹீமோகுளோபின், ஈசிஜி பாத்துருங்க. மாத்திரை காரணம்னு நாம நினைக்குறது சரியா வரணும்னு கட்டாயமில்ல. ரெண்டு அட்டையையும் கையில கொண்டு போங்க, பேரு மறந்துட்டுன்னு நிக்கக் கூடாது.

மரச்சீனிக் கிழங்குக்குக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் உண்டா? ஒருநாள் மொத்த உப்பு 5 கிராமுக்குள்ள, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். ஒரு துண்டு கருவாட்டுலேயே அதுல நல்ல பங்கு போயிரும்.

அருமனைக்காரன்:
கருவாடு இல்லாம அம்மைக்கு மரச்சீனி இறங்காதே அக்கா. திங்கக்கிழமை லீவு சொல்லச் சம்மதிச்சாச்சு. காலுக்கு இறுக்கமா ஒரு சாக்ஸ் விக்குதாங்களே, அது வாங்கலாமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், நாகர்கோவில்:
மத்தி வாங்கிக் குழம்பு வைங்க, உப்பு நம்ம கையில இருக்கும். சாக்ஸ டாக்டர் காலைப் பாத்த பிறகு வாங்கு. சுகர் இருந்து பாத நாடி பலவீனமா இருந்தா அதுவே புண்ணாக்கிரும். போடலாம்னு சொன்னா காலையில கட்டில்ல இருந்து இறங்குறதுக்கு முன்ன மாட்டணும், வீங்கின பிறகு இழுத்து ஏத்தக்கூடாது. வேலையில மணிக்கொரு தடவை எழும்பி நாலடி நடக்கச் சொல்லு, விடலேன்னா இருந்த இடத்துலேயே பாதத்த மேலயும் கீழயும் ஆட்டட்டும். சுகர் உண்டா இல்லையான்னு நீ சொல்லவே இல்லையே?