பாகிஸ்தான் பஞ்சாபி சினிமா நடிகர் சுல்தான் ராஹியை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

ரோலா பழைய ஆள்:

நேரில் இல்லை, படத்தின் வழியாகத்தான். 1996 ஜனவரி, ஷார்ஜா. செய்தி உங்களுக்கே தெரியும். இஸ்லாமாபாத்தில் இருந்து லாகூர் திரும்பும்போது குஜ்ரன்வாலா பக்கம் ஜி.டி. ரோட்டில் (கிராண்ட் டிரங்க் ரோடு) டயர் பஞ்சர், மாற்றிக்கொண்டிருந்தபோது ராஹியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 9ஆம் தேதி ராத்திரி. நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து நடந்தது.

ராஸ் அல் கைமா கிரஷரில் ஜல்லி ஏற்றிக்கொண்டு வருகிறோம். ஓட்டுகிறவர் வஜீராபாத்காரர், உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஜி.டி. ரோடு அவர் வீட்டுக்குப் போகிற ரோடு. தைத் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் வெடித்தது. மணி ஒன்று இருக்கும். வண்டியை ஓரங்கட்டினார், ஆனால் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் அப்படியே போனது.

அப்புறம் இறங்கி ஜாக்கி வைத்தார். நான் டார்ச்சை நட்டுக்கு நேராகப் பிடித்தேன். "இங்கே வேண்டாம். ரோட்டுப் பக்கம் காட்டு" என்றார். இருட்டில் கையால் தடவித் தடவியே ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். நான் அவருக்கு முதுகைக் காட்டி, ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டுக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் ஒரு வண்டி வந்ததும் ஸ்பேனர் சத்தம் நின்றது. அது எங்களைத் தாண்டிப் போன பிறகுதான் மறுபடி கேட்டது.

செய்தி வந்த அன்று இதே மனிதர் சாப்பிடாமல் படுத்திருந்தார். "நடிகர்தானே உஸ்தாத், எழுந்து சாப்பிடுங்கள்" என்று சொல்லியிருந்தேன். அந்த வார்த்தைதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

தேரா மேல்கட்டில்:

நான் 1984இல் துபாய் வந்தவன். முதல் நாள் ராத்திரி ரூமுக்குள் நுழைகிறேன், கையில் பெட்டி. மேல்கட்டிலில் இருந்து மெதுவாக ஒரு குரல்: "நவா ஆயா எ, சோணேயா?" ரூமே சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியைக் கீழே வைக்கக்கூடப் பயமாக இருந்தது.

ராஹி நடித்த 'மௌலா ஜட்' படத்தில் வில்லன் நூரி நத் ஜெயிலில் புது ஆளைப் பார்த்துக் கேட்பது அது. "புதுசா வந்திருக்கியா, அழகா?" கேசட்டில் படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ராஹி போடும் முழக்கத்தைப் பஞ்சாபியில் பரக் என்பார்கள், சுவர் அதிரும். எதிரே நூரி நத்தாக வரும் முஸ்தஃபா குரேஷி குரலை உயர்த்தவே மாட்டார். அவர் ஹைதராபாத் சிந்துக்காரர், பஞ்சாபி அவர் தாய்மொழியே இல்லை. அந்த மெல்லிய குரல் இருப்பதால்தான் ராஹியின் முழக்கம் நிற்கிறது என்பது என் கட்சி.

ஐந்தாறு வருஷம் கழித்துத் திருநெல்வேலிப் பையன் ஒருவன் புதிதாக வந்தான். நானும் அதே வசனத்தை, அதே தொனியில் சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். மன்னிப்புக் கேட்டேன், பிறகு நல்ல சிநேகிதமும் ஆகிவிட்டான். ஆனாலும் அந்த முகம் போகவில்லை.

ரியாத் கீதம்:

மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். எனக்குப் பாகிஸ்தான் சினிமா என்றால் உருது நடிகர் வஹீத் முராத். 1966 அர்மான் படத்து அஹ்மத் ருஷ்தி பாட்டுகளை என்னோடு வேலை பார்த்த கராச்சிக்காரர் ஒருவர் தினமும் மதியம் பாடுவார். ராஹி பெயரைச் சொன்னால் பாட்டை நிறுத்திவிடுவார். "எங்கள் உருது சினிமாவைக் கொன்றது அந்தக் கண்டாசாதான்" என்பார். நீளக் கம்பில் கோடாரி, ரத்தம், கத்தல். முகமது அலி, நதீம், ஷப்னம் என்று உருது நட்சத்திரங்கள் எல்லாம் இருந்த இடத்தில் கடைசியில் மிஞ்சியது அதுதானே? தேரா நண்பர் சொன்னதிலேயே பாருங்கள், ஒரு பையனை அழ வைத்த வசனம்.

கண்டாசா வாசகன்:

ரியாத் நண்பருக்கு. வசனத்தின் மேல் பழி போடாதீர்கள். உருது சினிமாவை ராஹி கொல்லவில்லை. 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்து பங்களாதேஷ் ஆனதும் டாக்கா தியேட்டர்கள் மொத்தமும் கைவிட்டுப் போயின. வி.சி.ஆர். வந்தது, இந்திப் படம் வீட்டுக்கே வந்தது, குடும்பங்கள் தியேட்டருக்குப் போவதை நிறுத்தின. அதற்கு மேல் ஜியா உல் ஹக் ராணுவ ஆட்சி. மிச்சம் வந்தவர்கள் வேலை முடிந்து வருகிற ஆண்கள், அவர்கள் பேசியது பஞ்சாபி. ராஹி இல்லையென்றால் லாகூர் ஸ்டுடியோக்கள் இன்னும் பத்து வருஷம் முன்னாலேயே மூடியிருக்கும். அவரே உருதுப் படங்களில் கூட்டத்தில் ஒருவராக நின்று தொடங்கியவர்தான். 1972இல் 'பஷீரா' படம் வரும்வரை எத்தனை வருஷம் அப்படி நின்றார் என்பதையும் யோசியுங்கள்.

என் அனுபவம் சின்னது. தம்மாமில் ஒரு டீக்கடை டி.வி.யில் 1975இல் வந்த ராஹி படம் வஹ்ஷி ஜட் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் டி.வி. பக்கம் திரும்பாமலே, "இது காஸ்மி சாஹிப் கதை, படத்தில் கெடுத்துவிட்டார்கள்" என்றார். டீ ஆறும்வரை கதையைச் சொன்னார். ஏன் கெடுத்தார்கள் என்று கேட்பதற்குள் அவருக்கு பஸ் வந்துவிட்டது.

பிறகு தேடிப் படித்தேன். உருது எழுத்தாளர் அஹ்மத் நதீம் காஸ்மியின் 'கண்டாசா' பழிவாங்குவதைப் பெருமை பேசுகிற கதை இல்லை. மகனைப் பழிக்குத் தூண்டுவது தாய். அவனோ கடைசியில் கண்ணீர் விடுகிறான். அதனால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: மௌலா ஜட்டில் தொடங்காதீர்கள். முதலில் அந்தக் கதையைப் படியுங்கள். அப்புறம் பஷீரா. அப்புறம் வஹ்ஷி ஜட். 1979 மௌலா ஜட் அதற்குப் பிறகு. அப்போதுதான் அதற்கு நாசிர் அதீப் எழுதிய வசனத்தின் கனம் தெரியும். ராஹி நடித்தது 700-க்கும் மேற்பட்ட படங்கள், எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். 1981இல் ஒரே ஈத் அன்று ஷேர் கான், சாலா சாஹிப், சன் வர்யாம் மூன்றும் வந்தன. அதில் ஷேர் கான் போதும், ஜோடி நடிகை அஞ்சுமன். கேசட்டில் இருந்து ஏற்றிய பிரதிகளில் குரல் கிழியும், ஹெட்போன் வேண்டாம். தனியாகப் பார்க்காதீர்கள். ஒரு பஞ்சாபிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் பேசாமல் இருக்கிறார் என்று கவனியுங்கள். சப்டைட்டிலில் அது வராது.

ஈஸ்ட் ஹாம் அக்கா:

எல்லாரும் ஆம்பிளையளின்ர கதைதான் சொல்லுறியள். 1989இல் லண்டனில் நான் வேலை செய்த கடைக்காரர் ஜேலம் பக்கத்து ஆள். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன டி.வி. அவருடைய அம்மா அதில் ராஹி படம்தான் பார்ப்பார். சண்டை வந்தால் ஊசி நூலை எடுத்துத் தையலைத் தொடங்கிவிடுவார். வயல், கிணறு, மாடு கட்டுகிற இடம் வந்தால் ஊசி நிற்கும். ஒருநாள் ராஹி ஒரு வீட்டு முற்றத்தில் குனிந்து தாய்க்கு முன்னால் நிற்கிற காட்சி. அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்து, டி.வி.யில் அந்த மண் சுவரைத் தொட்டுக் காட்டினார். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. நான் என்ர ஊர் வேலியை நினைச்சன். அதை அவவுக்குச் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் இருக்கேல்லை.

அல் நஹ்தா:

2022இல் ஃபவாத் கான் நடித்த புது மௌலா ஜட்டை ஷார்ஜாவில் தியேட்டரில் பார்த்தேன். பக்கத்து சீட்டில் டாக்ஸி டிரைவர், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. ஹம்சா அலி அப்பாஸி நூரி நத்தாக வந்தபோது நன்றாகக் கை தட்டினார். மௌலா கண்டாசாவைத் தூக்கியபோது தட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏன் என்று கேட்க வாய் வரவில்லை.

தேரா மேல்கட்டில்:

ரோலா அண்ணே, ஒன்று கேட்க வேண்டும். அந்த உஸ்தாத் பிறகு ராத்திரி வண்டி ஓட்டினாரா?

ரோலா பழைய ஆள்:

ஓட்டினார் தம்பி. மூன்று வருஷம் சேர்ந்து போனோம். டேஷ்போர்டில் ராஹி படம் ஒட்டியிருந்தது, தலைப்பாகையோடு. வெயிலில் மீசை வெளுத்துப்போனதும் பேனாவால் திரும்ப வரைந்துவிடுவார். ஊருக்குப் போகும்போது அந்தப் படத்தை உரிக்கப் பார்த்தார், பாதிதான் வந்தது. மீதி அந்த வண்டியிலேயே இருந்தது. அடுத்து வந்த டிரைவரிடம் அதைச் சுரண்ட வேண்டாம் என்று சொன்னேன்.