1950களின் கண்ணாடி வீடுகளில் நிஜமாகவே வாழ முடிந்ததா?

மாடவிளக்கு கேட்டது:

வணக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வந்த நவீன வீடுகளைப் பற்றி, அதாவது 1945இலிருந்து 65 வரை கட்டியவை, கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பித்து வைத்தது ஸ்டால் வீட்டின் அந்தப் படம்தான். 1960இல் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மலை விளிம்பில் ஒரு கண்ணாடி அறை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே நகரம் முழுக்க விளக்கு. பார்த்துத் தீரவில்லை.

ஆனால் என் கேள்வி அழகைப் பற்றியது இல்லை. தட்டைக் கூரை, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, உள்ளே தடுப்பே இல்லாத ஒரே கூடம் என்று கட்டிவிட்டு, அதில் குடியிருந்தவர்கள் வெயிலையும் குளிரையும் கொசுவையும் எப்படிச் சமாளித்தார்கள்? இந்தப் பாணி வெப்ப நாடுகளுக்குப் போனபோது அப்படியே போனதா, மாறியதா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

இரும்புத்தூண்:

எந்த வீடு என்பதைப் பொறுத்தது. வாழ முடியாமல் போனதற்குப் பெரிய உதாரணம் ஃபார்ன்ஸ்வொர்த் வீடு. மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்தது, சிகாகோவுக்கு வெளியே பிளானோவில், ஃபாக்ஸ் ஆற்றங்கரையில், 1951இல் முடிந்தது. எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற சிறுநீரக மருத்துவர் வார இறுதியில் போய்த் தங்குவதற்காகக் கட்டச் சொன்னார். எட்டு வெள்ளை இரும்புத் தூண்கள், தரைக்கு ஒன்று கூரைக்கு ஒன்று என இரண்டு தளப் பலகைகள், நாலு பக்கமும் கண்ணாடி, நடுவில் குளியலறையும் சமையலறையும் சேர்ந்த ஒரு மரப் பெட்டி, அவ்வளவுதான் வீடு.

கண்ணாடி ஒற்றை அடுக்கு. குளிர்காலத்தில் உட்புறம் வேர்த்து நீர் வழிந்தது. கோடையில் காற்று வர வாசற்கதவும் படுக்கைப் பக்கம் இரண்டு சின்னத் திறப்புகளும்தான். ராத்திரியில் விளக்கைப் போட்டால் ஆற்றங்கரைப் பூச்சியெல்லாம் அங்கேதான். ஆறு பொங்கும் என்று தெரிந்துதான் தரையை ஐந்தடிக்கு மேல் தூக்கி வைத்தார்கள், ஆனாலும் 1954இலேயே வெள்ளம் உள்ளே வந்துவிட்டது. 1996இல் வந்த வெள்ளம் கண்ணாடியை உடைத்து மர வேலைப்பாட்டையும் நாசம் செய்தது. போதாததற்குச் செலவு பற்றிய தகராறு வேறு நீதிமன்றம் வரை போனது.

அந்த அம்மாவைப் பற்றிப் பலர் குறை சொல்லித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. காசு கொடுத்தவர் அவர், வெந்தவரும் அவர்தான்.

கிழக்குவாசல்:

இரும்புத்தூண் சொன்னது சரி, ஆனால் அந்த ஒரு வீட்டை வைத்து மொத்தப் பாணியையும் எடை போட வேண்டாம். அது கடுங்குளிரும் புழுக்கமான கோடையும் உள்ள ஊர். கலிபோர்னியாக் கடற்கரை அப்படியில்லை, அங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் கதவைத் திறந்து போட்டே இருக்கலாம். ‘ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்’ பத்திரிகை ஆசிரியர் ஜான் என்டென்சா 1945இல் ‘கேஸ் ஸ்டடி’ வீடுகள் திட்டத்தைத் தொடங்கியதும் அந்த மண்ணில்தான். போர் முடிந்து வீட்டுக்குத் தட்டுப்பாடு, தொழிற்சாலைகளில் இரும்பு, ஒட்டுப்பலகை எல்லாம் தயாராக இருக்கிறது, இவற்றை வைத்து சாதாரணக் குடும்பத்துக்கு நல்ல வீடு கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

ஸ்டால் வீடு அதில் 22ஆம் எண். வடிவமைத்தவர் பியர் கோனிக். அந்தக் குடும்பம் அதில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியது, காட்சிக்கு மட்டும் கட்டிய வீடு கிடையாது. 8ஆம் எண் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் சொந்த வீடு, 1949. கடையில் கிடைக்கும் இரும்புச் சட்டம், தொழிற்சாலைச் சன்னல் இவற்றைச் சேர்த்துக் கட்டியது. முதலில் புல்வெளிக்குக் குறுக்கே பாலம் மாதிரி ஒரு வீடு போட நினைத்தார்கள். அப்புறம் அந்தப் புல்வெளியைக் கெடுக்க மனசில்லாமல் வீட்டை மேட்டோரம் ஒதுக்கி, யூகலிப்டஸ் மர வரிசைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கண்ணாடியில் விழும் வெயிலை அந்த மரங்கள்தான் வடிகட்டித் தருகின்றன. இருவரும் சாகும்வரை அங்கேதான் இருந்தார்கள்.

இன்னொரு பெயர் சொல்லாமல் விட முடியாது: ஜோசப் ஐக்லர். கட்டடக் கலைஞர் இல்லை, வீடு கட்டி விற்றவர். கலிபோர்னியாவில் சுமார் 11,000 வீடுகள். தெருப்பக்கம் கிட்டத்தட்ட மூடிய சுவர், உள்ளே திறந்த முற்றம், கண்ணாடியெல்லாம் முற்றத்தையும் கொல்லையையும் பார்த்து. பக்கத்து வீட்டார் கண்ணில் படாமல் கண்ணாடி வீட்டில் இருக்க இது ரொம்பத் தெளிவான வழி. கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மாட்டோம் என்று மற்றவர்கள் நின்ற காலத்தில் அவர் யார் வந்தாலும் விற்றார். அதற்காகவே கட்டுநர் சங்கத்திலிருந்து 1958இல் விலகினார்.

நாற்சார்வீடு:

வெப்ப நாடுகளைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு இந்தப் பாணி முழு உயிர் பெற்றதே அங்கேதான் என்று படுகிறது.

கொழும்பில் ஜெஃப்ரி பாவா கட்டிய ஏனா டி சில்வாவின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 1960களின் தொடக்கம். அப்போது இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு, இரும்பும் கண்ணாடியும் தாராளமாகக் கிடைக்காது. நகரத்து மனை, அதுவும் சின்னது. பாவா நடுவில் ஒரு பெரிய முற்றத்தை வைத்து, சுற்றிலும் சிறு முற்றங்களை வைத்து, அறைகளை அவற்றுக்கு இடையில் கோத்தார். ஓட்டுக் கூரை, நீண்ட இறவாரம், மரத் தூண், கருங்கல் தூண். நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். ஆனால் ஓர் அறைக்குள் நின்று பார்த்தால் முற்றம், அதற்கு அப்பால் இன்னோர் அறை, அதற்கும் அப்பால் இன்னொரு முற்றம் என்று பார்வை தடையில்லாமல் ஓடுவது முழுக்க நவீனம். கலிபோர்னியாக்காரர்கள் கண்ணாடியால் செய்ததை இவர் கண்ணாடி இல்லாமலே செய்தார். பிற்பாடு மனை கைமாறியபோது அந்த வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து லுணுகங்காவில், பாவாவின் தோட்டத்தில், மறுபடி கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அவருக்கு முன்பே மினெட் டி சில்வா கண்டியில் கருணாரத்ன வீட்டைக் கட்டிவிட்டார், 1951. அவர் பெயரை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அகமதாபாத்தில் லெ கொர்புசியே மனோரமா சாராபாய்க்குக் கட்டிய வீடு 1955இல் முடிந்தது. அதிக உயரமில்லாத செங்கல் வளைவுகள் வரிசையாக, இரண்டு முனையும் திறந்து, காற்று வரும் திசையைப் பார்த்து. கூரை மேல் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்திருக்கிறார்கள், அதனால் சூடு உள்ளே இறங்காது. மாடியிலிருந்து நீச்சல் குளத்துக்குச் சறுக்கி விழ ஒரு சறுக்குமரம் வேறு! அதே ஊரில் ஷோதன் வீடு, உச்சியில் கான்கிரீட் குடை மாதிரி ஒரு தனிக் கூரை, அதற்கும் வீட்டுக்கும் நடுவில் காற்று போய்வர இடம்.

மாடவிளக்கு:

அருமை, எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் வெப்ப நாட்டில் கண்ணாடியையே நம்பிக் கட்டியவர்கள் யாருமே இல்லையா? பிரேசிலில் கட்டடக் கலைஞர் லினா போ பார்தி கட்டிய சாவோ பாவுலோ வீட்டைக் ‘கண்ணாடி வீடு’ என்றுதானே சொல்கிறார்கள்?

நாற்சார்வீடு:

அது 1951. சாவோ பாவுலோ கொஞ்சம் உயரத்தில் இருக்கும் ஊர், நம் ஊர் வெக்கை அங்கே இல்லை. அதோடு, படங்களில் எப்போதும் முன்பக்கம்தான் வரும். ஒல்லியான தூண்கள் மேல் நிற்கும் கண்ணாடிக் கூடம், நடுவில் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் மரம். பின்பக்கம் போனால் படுக்கையறைகள் சாதாரணச் சுவருக்குள், தரையில் உட்கார்ந்திருக்கின்றன. கட்டியபோது மொட்டையாக இருந்த மேட்டில் பிறகு காடு வளர்ந்து இப்போது கூடமே நிழலில்தான்.

இரும்புத்தூண்:

ஒன்றைச் சேர்க்கிறேன். காலம் சற்று முந்தியது, வீடும் இல்லை, விடுதி. ஆனாலும் புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள் கோல்கொண்டாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஆன்டொனின் ரேமண்ட் வரைந்தது, ஜார்ஜ் நகஷிமா அங்கேயே தங்கிக் கட்டினார். 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை. கான்கிரீட் கட்டடம், வடக்கிலும் தெற்கிலும் சன்னலுக்குப் பதிலாக முழு நீளத்துக்குத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். திருப்பினால் வெயிலும் மழையும் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். அறைக்கும் நடைபாதைக்கும் நடுவில் இடைவெளி விட்டுச் சட்டங்கள் பதித்த தேக்குக் கதவுகள், மூடினாலும் காற்று நிற்காது. கூரை மேல் வளைவான கான்கிரீட் வில்லைகளை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். இப்போதும் ஆட்கள் தங்கியிருக்கும் இடம், ஆகவே போவதானால் முதலில் ஆசிரமத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.