இரண்டு முழக் குடல்

குழு: அப்பம்மா வீடு, முள்ளியவளை

மாலை 6.12
நான்: சித்தப்பா, நாளை மறுநாள் எங்களுக்கு விஞ்ஞானப் பரீட்சை. சமிபாடு என்ற அலகை இரண்டாவது தடவையாக வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் உங்களுக்குப் போடும் ஊசி விற்றமின் பி12 என்று மாமி முன்பு சொல்லியிருக்கிறார். அந்த விற்றமின் மீனிலும் முட்டையிலும் பாலிலும் இருக்கிறதாம். நந்திக்கடல் மீனோ எருமைத்தயிரோ இல்லாமல் நீங்கள் சோற்றில் கைவைத்ததை நான் பார்த்ததே இல்லை. பிறகு எதற்கு ஊசி?

மாலை 6.15
சித்தப்பா: 2009 மாசியில் ஷெல் துண்டு பட்டபோது, என்னைக் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோய், சிறுகுடலில் இரண்டு முழ நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பொருத்தித் தைத்தார்கள், மகள். அதற்கும் மீனுக்கும் என்ன தொடர்பு என்பதை மாமிதான் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்தது ஊசி குத்தும் நோ மட்டும்தான்.

மாலை 6.19
பெரியப்பா: உணவு சமிப்பது இரைப்பையில் அல்லவா? இவனுக்கு வெட்டியது குடலில். இரைப்பை முழுதாக இருக்கும்போது சத்து எப்படிக் குறையும்? இது ஒருபுறம் இருக்க, இன்று எல்லோரும் முழு வசனத்தில் எழுதுகிறீர்கள். குரல்பதிவு அனுப்புவோரைக் குழுவிலிருந்து நீக்குவேன் என்று நான் சொன்னது வீண்போகவில்லை.

மாலை 6.31
மாமி: பெரியண்ணை, ஆஸ்பத்திரி விடுதியில் என்னிடம் கேள்வி கேட்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் உங்களைப் போலத்தான் நினைக்கிறார்கள். பேர் முழுவதும் இரைப்பைக்கு, வேலையில் பெரும்பங்கு சிறுகுடலுக்கு. இரைப்பை, வந்த உணவை ஐதரோக்குளோரிக்கமிலத்தில் ஊறவைத்து, பெப்சினைக் கொண்டு புரதத்தை வெட்டத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணித்தியாலம்வரை பிசைந்து கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே திறந்துவிடுகிறது. அங்கே இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு: மதுசாரமும் அஸ்பிரின் போன்ற சில மருந்துகளும் ஓரளவு சேரும், அவ்வளவுதான். நோய் காரணமாக இரைப்பை முழுவதையும் அகற்றிய பின்னும் மனிதர்கள் சிறிது சிறிதாகச் சாப்பிட்டு வாழ்கிறார்கள். சிறுகுடல் முழுவதும் போய்விட்டாலோ, நாளத்தினூடாகப் போசணையைச் செலுத்தாமல் உயிர்வாழ முடியாது.

மாலை 6.34
தம்பி: அப்படியானால் வாயில் நடப்பது சமிபாடு இல்லையா? எங்கள் ரீச்சர் வாயிலிருந்துதான் தொடங்கினார்.

மாலை 6.37
மாமி: ரீச்சர் சொன்னது சரி. குசினிக்குப் போய், கறி எதுவும் இல்லாத வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இரு. என்ன நடந்தது என்று பிறகு எழுது.

மாலை 6.44
தம்பி: முதலில் ஒரு சுவையும் இல்லை. பிறகு பசைபோல ஆனது. கடைசியில் இலேசாக இனித்தது! அம்மா பின்னால் நின்று, விழுங்கடா என்று சத்தம் போட்டதால் அதற்குமேல் மெல்ல முடியவில்லை.

மாலை 6.50
மாமி: அந்த இனிப்பு மோற்றோசு என்ற வெல்லம். உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்ற நொதியம் சோற்றின் மாப்பொருளை வெட்டியதால் வந்தது. ஆனால் நாங்கள் அவசரமாக விழுங்குகிறோம். இரைப்பையின் அமிலத்தில் அந்த நொதியம் செயலிழக்கிறது. ஆகவே மாப்பொருளின் மிச்ச வேலையும் சிறுகுடலின் தலையில்தான் விழுகிறது. பிள்ளை, பரீட்சைக்கு இதை எழுது: இரைப்பையில் மாப்பொருளைச் சமிக்கும் நொதியம் சுரப்பதில்லை. பலர் புள்ளி இழக்கும் இடம் இது.

இன்னொன்று. இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதை உலகம் கண்ணால் கண்டதும் சின்னண்ணையைப் போல ஒரு காயக்காரரால்தான். 1822 இல், அமெரிக்காவின் மக்கினாக் தீவில், அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிச்சூடு பட்டு, இரைப்பைக்குள் திறந்த ஒரு துளை மூடாமலே ஆறிவிட்டது. அவருக்கு வைத்தியம் செய்த வில்லியம் போமன்ற் என்ற இராணுவ வைத்தியர், இறைச்சித் துண்டுகளை நூலில் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே இறக்கி, நேரம் பார்த்து வெளியே இழுத்து, எவ்வளவு கரைந்தது என்று வருடக்கணக்காகக் குறித்துவைத்து, 1833 இல் நூலாக வெளியிட்டார்.

மாலை 6.53
சித்தப்பா: என் காயத்தைத் தைத்து மூடினார்களே, அதுவரைக்கும் நல்லது. உங்கள் கையில் அகப்பட்டிருந்தால் நூலில் கருவாடு கட்டி இறக்கியிருப்பீர்கள்.

மாலை 6.55
அம்மா: மச்சாள், சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் சமிபாட்டு நொதியங்கள் கரைந்து பயனற்றுப் போகும் என்று நேற்று ஒரு செய்தி வந்தது. அது உண்மையா?

மாலை 7.02
மாமி: உண்மையில்லை. உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், சதையி (கணையம்) சுரக்கும் சாறு, குடற்சாறு எல்லாமாக உடலே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 லீற்றர் திரவத்தைக் குடலுக்குள் ஊற்றுகிறது. அந்தக் குளத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் என்ன செய்துவிடும்? இத்தனை லீற்றரும் திரும்ப உறிஞ்சப்பட்டு, மலத்தோடு வெளியேறுவது ஏறத்தாழ ஒரு சிறு கிளாஸ் அளவு. நீங்கள் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிப்பதை நிறுத்துங்கள். தேயிலையிலுள்ள பொருள்கள் முருங்கைக்கீரையின் இரும்பைப் பிடித்துவைத்து, குடல் அதை உறிஞ்சாமல் தடுக்கின்றன. வறைக்குள் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

மாலை 7.05
நான்: மாமி, சிறுகுடலுக்கு வாருங்கள். சடைமுளை என்று மனப்பாடம் செய்திருக்கிறேன், ஆனால் அது எப்படி இருக்கும் என்று மனதில் வருவதில்லை.

மாலை 7.21
மாமி: அப்பம்மா பனம்பழம் பிசைந்து களி எடுத்த பிறகு கொட்டையில் எழும்பி நிற்கும் தும்பை நினைத்துக்கொள். சிறுகுடலின் உட்சுவர் முழுவதும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு தும்பும் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத உயரம், வெல்வெட்டுத் துணிபோல மென்மை. அந்தச் சடைமுளைகளை மூடியிருக்கும் கலங்களின் விளிம்பில் அதைவிட நுண்ணிய முளைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 6 மீற்றர் நீளக் குழாய்க்கு இவ்வளவு மடிப்பும் முளையும் இருப்பதால்தான் உறிஞ்சும் பரப்பு பெருகுகிறது. பழைய புத்தகங்கள் அதை டென்னிஸ் மைதானத்தோடு ஒப்பிட்டன. 2014 இல் சுவீடன் ஆய்வாளர்கள் திரும்ப அளந்து, ஏறத்தாழ 30 சதுர மீற்றர்தான் என்று கண்டார்கள். பட்மின்டன் மைதானத்தில் பாதிக்குக் கிட்ட. அதுவும் சிறியதல்ல.

இரைப்பையிலிருந்து வரும் புளித்த கூழ் முதலில் முன்சிறுகுடலில் விழுகிறது. சதையியிலிருந்து வரும் காரச் சாறு அமிலத்தை நடுநிலையாக்க, அமிலேசு மாப்பொருளையும், திரிப்சின் புரதத்தையும், இலிப்பேசு கொழுப்பையும் வெட்டுகின்றன. கொழுப்பு மட்டும் தண்ணீரில் சேராது. எண்ணெய் பிடித்த மீன்சட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சவர்க்காரம் செய்யும் வேலையை அங்கே ஈரல் அனுப்பும் பித்தம் செய்கிறது: கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்து, இலிப்பேசு தொடக்கூடியதாக்குகிறது. முடிவில் குளுக்கோசும் அமினோவமிலங்களும் சடைமுளைக்குள் இருக்கும் மயிர்க்குழாய்களில் நுழைந்து, வாயினாளம் என்ற இரத்தக் குழாய் வழியாக நேரே ஈரலுக்குப் போகின்றன. கொழுப்பின் பெரும்பகுதி அந்த வழியால் போவதில்லை. அது சடைமுளையின் நடுவிலுள்ள பாற்கலனில் புகுந்து, நிணநீரோடு மேலேறி, இடது தோளுக்கு அருகில்தான் இரத்தத்தில் கலக்கிறது. சோறும் அதில் ஊற்றிய நெய்யும் ஒரே வாயால் போய், இரண்டு வழியால் இரத்தத்தை அடைகின்றன என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

மாலை 7.26
பெரியப்பா: சரி, இரைப்பைக்குக் கொடுத்த பட்டத்தை நான் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 6 மீற்றரில் இரண்டு முழம் போனால் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் உறிஞ்சாதா?

மாலை 7.38
மாமி: கேள்வி அங்கேதான் இருக்கிறது. மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றை மிச்சக் குடல் பார்த்துக்கொள்ளும். ஆனால் குடல் முழுவதும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இரும்பு பெரும்பாலும் தொடக்கத்தில் உறிஞ்சப்படுகிறது. பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். இரைப்பைச் சுவர் சுரக்கும் தனிப் புரதம் ஒன்று, மீனிலிருந்து பிரிந்து வந்த பி12 ஐ முன்சிறுகுடலில் பிடித்துக்கொண்டு, குடல் முழுவதையும் கடந்து கடைசிவரை கூட்டிச் செல்கிறது. அதைக் கண்டுகொண்டு உள்ளே எடுக்கும் ஏற்பிகள் அந்தக் கடைசி இடத்தில்தான் இருக்கின்றன. சின்னண்ணைக்கு வெட்டி எடுத்தது அந்த இடத்தைத்தான். எவ்வளவு மீன் சாப்பிட்டாலும் இறங்குதுறை இல்லாத வள்ளம்போல அந்த விற்றமின் அவரைக் கடந்து போய்விடுகிறது. ஆகவேதான் குடலைத் தொடாமல் தசைக்குள் ஊசியாகப் போடுகிறார்கள்.

மாலை 7.41
சித்தப்பா: காயப்பட்ட உடனே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று வருடம் கழித்து, 2012 இல், வயலில் வரம்பில் நடக்கும்போது பாதம் பஞ்சில் வைத்ததுபோல இருந்தது, விரல்கள் விறைத்தன. முதலில் காட்டிய இடத்தில் நோமாத்திரையும் எண்ணெயும் தந்து அனுப்பினார்கள். குடல் வெட்டிய கதையை அங்கே யாரும் கேட்கவுமில்லை, சம்பந்தம் இருக்கும் என்று நினைத்து நான் சொல்லவுமில்லை. வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டு இரத்தம் சோதிக்கச் சொன்னது மாமிதான்.

மாலை 7.45
மாமி: ஈரலில் பி12 சில வருடங்களுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். வரவு நின்றாலும் சேமிப்புத் தீரும்வரை உடல் காட்டிக்கொடுக்காது. அதன் பின்னர்தான் இரத்தமும் நரம்பும் குறை சொல்லத் தொடங்கும்.

மாலை 7.47
அம்மா: ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்ட அன்று உங்கள் சின்னண்ணை அடிக்கடி கொல்லைக்கு ஓடுவதும் இதனாலா? நான் என் சமையலில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலை 7.53
மாமி: உங்கள் கறியில் பிழையில்லை, மச்சாள். பித்த உப்புகளையும் திரும்ப உறிஞ்சி ஈரலுக்கு அனுப்புவது அதே கடைசிப் பகுதி. நல்ல குடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு திரும்பிப் போய், ஒரு நாளிலேயே பல தடவை சுற்றி வரும். அவருக்கு அது பெருங்குடலுக்குள் வழிந்து, அங்கே தண்ணீரைச் சுரக்கச் செய்கிறது. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பித்தம் கூடுதலாக வருவதால் அன்றைக்கு ஓட்டமும் கூடுகிறது.

மாலை 7.55
தம்பி: வெட்டிய குடல் பல்லிவால்போலத் திரும்ப வளராதா?

மாலை 8.01
மாமி: நீளமாக வளராது. ஆனால் மிச்சமிருக்கும் பகுதி ஓரிரு வருடங்களில் சடைமுளைகளை உயர்த்தி, சற்று அகன்று, கூடுதலாக உறிஞ்சப் பழகும். இதிலும் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. மேற்பகுதியை வெட்டினால் கடைசிப் பகுதி அதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். கடைசிப் பகுதி போனால், மேற்பகுதியால் பி12 ஐயும் பித்த உப்பையும் அப்படி ஏற்றுக்கொள்ள முடியாது.

மாலை 8.20
நான்: படம் வரைந்து கீழே அனுப்பியிருக்கிறேன். முன்சிறுகுடல், சதையி, பித்தப்பை எல்லாவற்றையும் பெயரிட்டுவிட்டேன். சித்தப்பாவுக்கு வெட்டிய இடத்தைச் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். சரியா?

மாலை 8.24
சித்தப்பா: இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு, மகள். பெருங்குடல் தொடங்கும் வாசலுக்குச் சற்று முன்னால். என் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் டொக்டர் கீறிய படமும் அப்படித்தான் இருக்கிறது.