கிரவுன் மோல்டிங்: உள்மூலை ஒட்டவே மாட்டேன் என்கிறது

எடிசன்வாசி (நியூ ஜெர்சி):
சாப்பாட்டு அறைக்கு நானே கிரவுன் மோல்டிங் (சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் அடிக்கும் அலங்காரப் பலகை) அடிக்க இறங்கியிருக்கிறேன். 4 5/8 அங்குல அகலம், பிரைமர் அடித்த பைன், 52/38 வகை (சீலிங்கோடு 52, சுவரோடு 38 டிகிரி சாய்வு). பலகையை மைட்டர் சாவில் (கோணம் வைத்து அறுக்கும் மெஷின்) படுக்கப் போட்டு, மைட்டர் (பிளேடு பக்கவாட்டில் திரும்பும் கோணம்) 31.6, பெவல் (பிளேடு சாயும் கோணம்) 33.9 டிகிரி வைத்து, துண்டுக் கட்டைகளில் வெட்டிப் பார்த்தேன். மேஜையில் சேர்த்தால் கச்சிதமாக இருக்கிறது. மூலையில் தூக்கிப் பிடித்தால் ஒரு கிரெடிட் கார்டு நுழையும் அளவுக்கு வாய் பிளக்கிறது. காக் (பிளவை அடைக்கும் பசை) போட்டு அடைத்துவிடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. தீபாவளிக்கு மாமனார் வருகிறார், அவர் முதலில் அண்ணாந்து பார்ப்பதே அதைத்தான்.

மரத்தூள்:
உங்கள் மெஷின் மேல் குற்றமில்லை, மூலை மேல்தான். அந்த 31.6, 33.9 இரண்டும் மூலை 90 டிகிரி என்று நம்பிப் போட்ட கணக்கு. டிரைவாலில் (ஜிப்சம் பலகைச் சுவர்) டேப் ஒட்டி மட் (இணைப்பை மறைக்கும் பூச்சு) பூசும்போதே 90 போய்விடும்.

முதலில், படுக்கப் போட்டு வெட்டுவதை விடுங்கள். தலைகீழாக வையுங்கள்: மெஷினின் மேஜைதான் சீலிங், அதன் பின்னால் நிற்கும் தடுப்பான ஃபென்ஸ்தான் சுவர். சீலிங்கில் ஒட்டும் விளிம்பு மேஜை மேல் இருக்க வேண்டும். பெவலைத் தொடவே வேண்டாம், மைட்டர் 45 மட்டும் போதும். உங்கள் பலகைக்கு ஃபென்ஸிலிருந்து சுமார் 2 7/8 அங்குலம் தள்ளி ஒரு கட்டையை மேஜையோடு கிளாம்ப் போட்டுவிட்டால் வெட்டும்போது சரியாது. இடமும் வலமும் மாறித் தெரிந்து குழப்பும். அதனால் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மாதிரித் துண்டு வெட்டி, ‘இடது உள்மூலை’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்மூலைக்கு இரண்டு பலகையையும் 45-ல் வெட்டிச் சேர்ப்பதே வீண் வேலை. கோப்பிங் செய்யுங்கள், அதாவது ஒரு பலகையின் நுனியை மற்றதன் வளைவுக்கு ஏற்ப அறுத்துப் பொருத்துங்கள். முதல் பலகையை நேராக வெட்டி மூலைச் சுவரில் முட்டவிடுங்கள். இரண்டாவதை உள்மூலைக்கு வெட்டுவதுபோல் 45-ல் வெட்டினால், வெள்ளை பிரைமரும் வெட்டுப்பட்ட வெறும் மரமும் சந்திக்கும் இடத்தில் மோல்டிங்கின் வளைவு அப்படியே கோடாக நிற்கும். பென்சிலைப் படுக்க வைத்து அந்த விளிம்பில் தேய்த்துவிட்டு, கோப்பிங் சாவால் (மெல்லிய பிளேடு உள்ள கைரம்பம்) அதை ஒட்டியே அறுங்கள். பிளேடைப் பின்பக்கம் நன்றாகச் சாய்த்து அறுக்க வேண்டும். முன்விளிம்பு மட்டும் முதல் பலகையைத் தொட்டால் போதும், பின்னால் இருக்கும் சதை எல்லாம் இடைஞ்சல். கீழ் நுனியில் மெலிந்த மூக்கு ஒன்று வரும். அங்கே அவசரப்பட்டால் உடையும், விரலால் தாங்கிக்கொண்டு மெதுவாக அறுங்கள். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் அது பாதி நேரம் உதிர்ந்தே போகும், நல்லவேளை பைன் வாங்கினீர்கள். எங்காவது இடித்தால் உருண்டைக் குச்சியில் சாண்ட்பேப்பர் சுற்றித் தேய்த்தால் சரி. மூலை 88 ஆனாலும் 92 ஆனாலும் போய் ஒட்டும்.

நீள அளவில் 1/16 அங்குலம் கூட விடுங்கள். பலகையை லேசாக வில்லாக வளைத்து உள்ளே தள்ளினால் மூலை தானே இறுகும்.

மினசோட்டாக்காரன்:
மரத்தூள் அண்ணா சொன்னதோடு ஒன்று. அறைக்கு நேர் மேலே அட்டிக்கா (கூரைக்கு அடியில் உள்ள இடம்)? ட்ரஸ் கூரை (முக்கோண மரச்சட்டங்கள் தாங்கும் கூரை) என்றால் எங்கள் ஊர்க் குளிரில் ட்ரஸ்ஸின் கீழ்க்கட்டை நடுவில் மேலே எழும். உள்சுவருக்கும் சீலிங்குக்கும் நடுவே பிளவு விழும். அப்படிப்பட்ட உள்சுவர்களில் மோல்டிங்கை சீலிங்கில் மட்டும் அடிப்போம், சுவரில் ஆணியே கிடையாது. சீலிங்கோடு சேர்ந்து ஏறி இறங்கட்டும் என்றுதான்.

எடிசன்வாசி:
மேலே பெட்ரூம்தான், அட்டிக் இல்லை. ஆனால் ஸ்டட் ஃபைண்டரை (உள்ளே மறைந்திருக்கும் கட்டையைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் ஜாயிஸ்ட் (சீலிங்கைத் தாங்கும் கட்டை) எல்லாம் நீளச் சுவருக்கு இணையாக ஓடுகிறது. அந்தப் பக்கம் மேல் விளிம்பை எதில் அடிப்பது? ஜன்னல் பக்கம் ஒரு வெளிமூலையும் இருக்கிறது.

மரத்தூள்:
அப்படியானால் கீழ் விளிம்பைத் தயங்காமல் ஸ்டட்டில் (சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் கட்டை) அடியுங்கள், 16 அங்குலத்துக்கு ஒன்று கிடைக்கும். இணையாக ஓடும் பக்கத்துக்கு 2x4 கட்டையிலிருந்து முக்கோணத் துண்டுகள் வெட்டி, மோல்டிங்கின் பின்னால் ஒளியும்படி, சுவர் உச்சியில் உள்ள டாப் பிளேட்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். மேல் ஆணி அந்தத் துண்டில் இறங்கட்டும். துண்டு மோல்டிங்கை முட்டித் தள்ளாமல் ஒரு நூல் சின்னதாகவே இருக்கட்டும்.

வெளிமூலையில் கோப்பிங் நடக்காது, மைட்டர்தான். கோணமானி வைத்து அளந்து 180-லிருந்து கழித்துப் பாதியாக்குங்கள். மூலை 92 என்றால் மெஷினில் 44. வெட்டுமுகத்தில் மரப்பசை தடவிச் சேர்த்த பிறகு ஆணி. காக் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் மட்டும், அதுவும் பெயிண்ட் ஏறும் வகை. சிலிக்கான் வாங்கிவிடாதீர்கள், அதன் மேல் பெயிண்ட் நிற்காது.