பேய் வந்ததும் தாதா வில்லன் சப்பென்று ஆகிவிடுகிறான் – திரைக்கதையில் எங்கே கை வைப்பது?

கேள்வி:
110 பக்கத் திரைக்கதை. தாதா போனில் சொல்ல, நாலு அடியாட்கள் ஒருவனைக் கொன்று பாழுங்கிணற்றில் போடுகிறார்கள். இரண்டு பேர் அடிக்கிறார்கள், ஒருவன் பிணத்தைத் தூக்கிப் போடுகிறான், ஒருவன் வண்டி ஓட்டுகிறான். 30ஆம் பக்கத்தில் ஆவி வருகிறது. 60க்கு மேல் பயந்து ஓடுவதைத் தவிர தாதாவுக்கு வேலையே இல்லை. அவனுக்கு ஒரு சோகமான சிறுவயதுக் கதை வைத்தால் சரியாகுமா?

பதில் 1:
ஆகாது. கோளாறு வில்லனிடம் இல்லை, ஆவியிடம் இருக்கிறது. எங்கும் நுழையும், எதையும் செய்யும் என்றால் எதிராளி என்ன காய் நகர்த்த முடியும்? ஆவிக்கு ஒரு தடை போடுங்கள். உதாரணமாக, தன் உடம்பைத் தொட்டவனை மட்டுமே அதனால் கொல்ல முடியும். தாதா தொடவில்லை, உத்தரவுதான் போட்டான். இப்போது ஆவிக்கும் ஒரு சிக்கல் வந்துவிட்டது.

இதை வசனத்தில் சொல்லாதீர்கள், 35ஆம் பக்கத்துக்குள் காட்டுங்கள். ஒரே காரில் இருவர் போகிறார்கள். அடித்தவன் சாகிறான், ஓட்டுநர் கீறல்கூட இல்லாமல் இறங்கி வருகிறான்.

பதில் 2:
அந்த ஓட்டுநரை விட்டுவிடாதீர்கள், உங்கள் கதைக்கு அவன்தான் பொக்கிஷம். ஆள் செத்தால் எந்த தாதாவும் முதலில் பேயை நினைக்க மாட்டான். எதிர் கோஷ்டியா, போலீஸா, உள்ளேயே ஒருவன் போட்டுக் கொடுத்தானா என்றுதான் கணக்குப் போடுவான். தப்பி வந்தவன்மேல் சந்தேகம் விழும், தாதாவே அவனைத் தீர்த்துக் கட்டுவான். யார் அடித்தது, யார் தூக்கியது என்று சொல்லக்கூடிய சாட்சி அதோடு போய்விட்டது. 40லிருந்து 60 வரை பக்கங்கள் தானாக நிரம்பும்.

பயத்தைக் கத்தலில் காட்டாமல் தாதாவுக்கு வரும் வசூலில் காட்டுங்கள். பணம் தாமதமாக வருகிறது, அடுத்தகட்ட ஆள் போனை எடுப்பதில்லை. சிறுவயதுக் கதையை வெட்டிவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. ஆனால் தொட்டவனைத்தான் கொல்லும் என்றால் கடைசியில் தாதா எப்படிச் சாவான்? விதியை மீறினால் ஏமாற்று வேலையாகிவிடுமே?

பதில் 1:
மீறவே வேண்டாம். 60ஆம் பக்கத்தில் பிணத்தைத் தூக்கியவன் சாகட்டும். அவன் அடிக்கவில்லை என்று பார்வையாளருக்குத் தெரியும். செத்த உடம்பைத் தொட்டாலும் கணக்கில் சேரும் என்று புரிந்துகொள்வார்கள். தாதா சம்பவ இடத்தில் இல்லாததால் பிணத்தைத் தூக்கியவனும் அடித்தவன் என்றே நினைப்பான், 'அடித்தவர்களுக்குத்தான் சாவு, எனக்கில்லை' என்று முடிவுகட்டுவான். அந்தத் தவறான தைரியம் வந்தபிறகு அவன் ஓட மாட்டான், மிச்சமிருக்கும் அடியாளையே தூண்டிலாக வைத்து ஆவியைத் தேடி வருவான்.

90ஆம் பக்கம் வாக்கில் போலீஸுக்குக் கிணறு தெரிய வரட்டும். எலும்பை அகற்றியாக வேண்டும். சொன்னால் செய்ய ஆளில்லை. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் செத்தாயிற்று, மீதிப் பேர் ஓடியாயிற்று. அவனே இறங்கித் தொட வேண்டும். உத்தரவு மட்டுமே போட்டவன் முதன்முறையாகத் தன் கையால் ஒரு வேலை செய்கிறான். விதி அப்படியே இருக்கிறது, சாவும் நியாயமாகிறது.

பதில் 2:
ஒன்று கவனியுங்கள். தாதா ஆரம்பத்தில் அந்த ஆளை ஒரு அறை அறைந்ததாகவோ, தோளில் கை போட்டதாகவோ காட்சி இருந்தால் மொத்தமும் கவிழ்ந்துவிடும். முதல் 30 பக்கத்தில் இருவரையும் ஒரே அறையில் வைக்காமலிருப்பதே பத்திரம்.

மந்திரவாதி யாராவது வருவதாக இருந்தால் 40க்குள் அறிமுகப்படுத்துங்கள். 80இல் திடீரென்று வந்து விதியை விளக்கினால், அதுவரை காட்சிகளில் காட்டியதெல்லாம் வீண்.